எடுபிடி அண்ட் கோ!

'எடுபிடி'ன்னா நம்ம ஊர்ல திட்டு. "அவன் பின்னாடி எடுபிடியா சுத்திக்கிட்டிருக்கான்"னு சொன்னா, சம்பந்தப்பட்டவன் நாலு நாளைக்கு நம்மகிட்ட பேச மாட்டான். ஆனா இந்த வார மேட்டரே அந்த எடுபிடி வேலைதான் மக்கா. அடுத்தவங்களுக்காகக் கடைக்குப் போறது, க்யூவுல நிக்கிறது, ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றது... வீட்டுல அம்மா சொன்னா 'போம்மா, மேட்ச் ஓடுது'ன்னு டபாய்க்கிற அதே வேலைகள். அதையே காசு வாங்கிட்டுச் செஞ்சா பிசினஸ்!

சிரிக்காதீங்க. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல லியா பஸ்க்னு ஒரு பொண்ணு. ஐ.பி.எம்-ல இன்ஜினீயர். 2008-ல, பனி கொட்டுற ஒரு ராத்திரி, வீட்டுல நாய்க்குச் சாப்பாடு தீர்ந்துபோச்சு. அந்தக் குளிர்ல கடைக்குப் போகணும். 'இந்நேரத்துக்கு நம்ம ஏரியாவுல யாராவது ஒருத்தர் அந்தக் கடையில நின்னுக்கிட்டிருப்பாங்களே, அவங்களே வாங்கிட்டு வந்து கொடுத்தா என்ன?'ன்னு தோணியிருக்கு. வேலையை விட்டுட்டு 'ரன் மை எர்ரண்ட்'னு ஒரு சைட் ஆரம்பிச்சாங்க. 2010-ல அதுக்கு 'டாஸ்க் ராபிட்'னு பேர் மாத்தினாங்க. 2017-ல ஐகியா அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. ஒரு நாயோட பசி எங்க போய் நின்னிருக்கு பாருங்க!

உடனே, 'மச்சி, நாமளும் ஆப் போடலாம்டா, இன்வெஸ்டர் பிடிக்கலாம்டா'ன்னு கேன்டீன்ல மீட்டிங் போட்டுடாதீங்க. இன்னொரு கதையும் இருக்கு. அது நம்ம பக்கத்து ஊர் பெங்களூரு. 2014-15 வாக்குல டன்ஸோ ஒரு வாட்ஸ்அப் நம்பராத்தான் ஆரம்பமாச்சு. சாவியை மறந்துட்டேன், சார்ஜரை விட்டுட்டு வந்துட்டேன், எதுவா இருந்தாலும் மெசேஜ் போட்டா ஆள் போய் எடுத்துட்டு வரும். ஊரே கொண்டாடுச்சு. 'டன்ஸோ பண்ணிடு'ன்னு அந்தப் பேரே ஒரு வினைச்சொல் ஆயிடுச்சு. 2017 டிசம்பர்ல கூகுள் பணம் போட்டுச்சு. 2022 ஜனவரியில ரிலையன்ஸ் போட்டுச்சு. எடுபிடி வேலையில ஆரம்பிச்ச கம்பெனி, பதினைஞ்சு இருபது நிமிஷத்துல மளிகை கொடுக்குறோம்னு குடோன் குடோனாத் திறந்துச்சு. 2022-23 நிதியாண்டுல மட்டும் நஷ்டம் சுமார் 1,800 கோடி ரூபாய். 2025 ஜனவரியில ஆப், சைட் ரெண்டுமே நின்னுபோச்சு.

இத்தனை பணம் இருந்தும் ஏன்? மளிகை ரேஸ்ல அகலக்கால் வெச்சது ஒரு பெரிய காரணம். ஆனா என் கண்ணுக்கு, அதுக்கும் முன்னாடியே ஒரு சிக்கல் இருந்துச்சு. ஒரு வேலை, ஒரு வண்டி, ஒரு ட்ரிப். அந்தக் கணக்கு யாருக்குமே லேசுல கட்டுப்படியாகாது. உங்களுக்கும் ஆகாது. ஒரு நோட்டை எடுங்க, போட்டுப் பார்ப்போம்.

நங்கநல்லூர்ல ஒரு பாட்டி இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். பேங்க் பாஸ்புக்ல என்ட்ரி போட்டுட்டு வரணும். பேங்க் ரெண்டு கிலோமீட்டர். போக பத்து நிமிஷம், அங்க அரை மணி நேரம் (என்ட்ரி மெஷின் வேலை செஞ்சா!), வர பத்து நிமிஷம், பாட்டிகிட்ட கொடுத்து விளக்க பத்து நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிக்கிது. வண்டி 45 கிலோமீட்டர் கொடுத்தா, நாலு கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். நீங்க முப்பது ரூபாய் வாங்கினா, ஒரு மணி நேரத்துக்கு உங்க கையில நிக்கிறது 21 ரூபாய். சரி, நூறு ரூபாய் கேட்போம்னா, "நூறு ரூபாயா? நானே ஆட்டோவுல போயிட்டு வந்துடுவேனேப்பா"ம்பாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தானே!

இப்ப அதையே இப்படி யோசிங்க. ஒரே ஏரியா, நாலு வீடு. ஒரு வீட்டுக்கு பாஸ்புக், ஒரு வீட்டுக்கு லேப் ரிப்போர்ட், ஒரு வீட்டுக்கு மாத்திரை, நாலாவது வீட்டுக்குத் தைக்கக் கொடுத்த ப்ளவுஸ். நாலையும் ஒரே ரவுண்டுல முடிச்சா 12 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம். ஆளுக்கு அறுபது ரூபாய்னா 240. பெட்ரோல் 27 போக 213. மணிக்கு 85 ரூபாய். முன்னாடி 21, இப்ப 85. நீங்க வேகமா ஓட்டலை, அதிகமா உழைக்கலை. வேலைகளைச் சேர்த்துக் கட்டினீங்க, அவ்வளவுதான்.

அதனால இந்தத் தொழில்ல முதல் ரூல், 'உடனே' என்ற வார்த்தையை விக்காதீங்க. உடனே கொடுக்கிறதுக்கு ஊர்ப்பட்ட ஆப் இருக்கு. 'செவ்வாய், வியாழன், சனி வருவேன், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லிடுங்க'ன்னு சொல்லுங்க. பால்காரரும் பேப்பர்காரரும் இத்தனை வருஷமா அப்படித்தானே பிழைக்கிறாங்க? இன்னும் பெட்டர், மாசச் சந்தா. மாசம் 500 ரூபாய், எட்டு வேலை. பதினைஞ்சு வீடு பிடிச்சா 7,500 ரூபாய். 120 வேலை, நாலு நாலாச் சேர்த்தா 30 ரவுண்ட், 75 மணி நேரம். பெட்ரோல் 810, போன் ரீசார்ஜ், ரசீது புக், கவர் எல்லாம் சேர்த்து ஒரு 300. கையில நிக்கிறது 6,390. அதே மணிக்கு 85 ரூபாய்தான். ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம். ஓவர் பில்டப் எல்லாம் இல்லை பாஸ், இது செமஸ்டர் ஃபீஸுக்கும் பைக் பெட்ரோலுக்கும் ஆகுற காசு. பி.எம்.டபிள்யூ. வாங்குற கனவோட வர்றவங்க இப்பவே அடுத்த பக்கம் போயிடலாம்.

சரி, இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் ஆள் தேவையான்னு கேக்குறீங்க. ஒரு காலத்துல கரன்ட் பில் கட்டுறதுன்னா ஒரு முழு காலை காலி. இன்னைக்கு படுத்துக்கிட்டே போன்ல கட்டுறோம். போன் பில், ட்ரெயின் டிக்கெட் எல்லாமே அப்படித்தான். ரேஷன்கூட, 2025 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச 'தாயுமானவர்' திட்டத்துல, 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே போச்சு. ஆக, க்யூ குறைஞ்சுக்கிட்டேதான் வருது. ஆனா மூட்டு வலி குறையலையே! மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் கொண்டுபோகணும், மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடணும், ஜெராக்ஸ் எடுக்கணும், கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லணும், ஆபரேஷனுக்கு அப்புறம் செக்கப்புக்குத் துணைக்கு ஒரு ஆள் வரணும். இதுக்கெல்லாம் ஆப் கிடையாது, கால்தான் வேணும். நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், கோயமுத்தூர்... புள்ளைங்க அமெரிக்காவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் இருக்க, அப்பா அம்மா மட்டும் தனியா இருக்கிற வீடு எத்தனைன்னு உங்க தெருவுலயே எண்ணிப் பாருங்க. காசு கொடுக்கப்போறது அநேகமா அந்தப் புள்ளைங்கதான். அதனால வேலை முடிஞ்சதும் பாட்டிக்கு ஒரு போன், நியூ ஜெர்ஸிக்கு ஒரு மெசேஜ், ரெண்டும் உண்டு.

இதுல சூப்பரான ஐட்டம் ஒண்ணு சொல்றேன். மத்திய அரசு பென்ஷன் வாங்குறவங்க வருஷா வருஷம் நவம்பர் மாசம், 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு சர்டிஃபிகேட் கொடுக்கணும். 80 வயசு தாண்டியிருந்தா அக்டோபர் 1-லேர்ந்தே கொடுக்கலாம். 2014 நவம்பர்ல 'ஜீவன் பிரமாண்' வந்தப்புறம் ஆதாரை வெச்சு டிஜிட்டலா கொடுக்கலாம்னு ஆச்சு. அதுலயும் கைரேகை தேஞ்சுபோன தாத்தாக்கள் பாடு திண்டாட்டம். 2021 நவம்பர்ல முகத்தை வெச்சே பதிவு பண்ற வசதி வந்துச்சு. அதாவது, உங்ககிட்ட ஒரு ஸ்மார்ட்போன் இருந்தா, தாத்தாவை அவர் ஈஸி சேர்ல உட்கார வெச்சபடியே வேலையை முடிக்கலாம். வெளிச்சம் சரியா விழணும், தாத்தா ஆடாம இருக்கணும், அவர் போனுக்கு வர்ற ஓ.டி.பி.யை அவரே பார்த்துச் சொல்லணும். ஆறேழு வீட்டுக்கு இதைச் செஞ்சு கொடுத்தீங்கன்னா, டிசம்பர்லேர்ந்து அந்த வீட்டு வேலை பூரா உங்களுக்குத்தான்.

அடுத்து, நம்பிக்கை. தொழிலே இதுதான். சாமானைத் தூக்கிட்டு வர யாரு வேணா வருவாங்க. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையில கொடுத்துட்டு ராத்திரி நிம்மதியா தூங்குறாங்க பாருங்க, அந்தத் தூக்கத்துக்குத்தான் சந்தா. முதல் நாள் போகும்போதே காலேஜ் ஐ.டி. ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், உங்க அப்பாவோட போன் நம்பர் மூணையும் அவங்க கையில கொடுத்துடுங்க. கேக்குறதுக்கு முன்னாடியே கொடுக்கணும். முதல் தடவை எந்த வீட்டுக்கும் தனியா போகாதீங்க, ரெண்டு பேராப் போங்க. பொண்ணுங்களுக்கு மட்டும் சொல்லலை, பசங்களுக்கும்தான்.

வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, என்ன வேலை, வாங்கின அட்வான்ஸ், பில் தொகை, திருப்பிக் கொடுத்த மிச்சம், அவங்க கையெழுத்து. பில்லை ஸ்டேப்ளர் போட்டு அதுலயே குத்திடுங்க. நோட்டு அவங்க வீட்டுலதான் இருக்கணும். உங்ககிட்ட போன்ல ஒரு போட்டோ போதும். மிச்சம் மூணு ரூபாய் இருந்தா மூணு ரூபாயைக் கொடுங்க. "பரவால்ல தம்பி, வெச்சுக்கோ"ன்னு சொன்னாலும் கொடுங்க. மெடிக்கல் ஷாப்ல பத்து பர்சென்ட் டிஸ்கவுன்ட் கொடுத்தா அது யாருக்கு? பாட்டிக்கு. 'எம்.ஆர்.பி. விலைதானே அவங்களுக்குத் தெரியும்'னு ஒரு நிமிஷம் புத்தி போகும். பாட்டி அந்தக் கடையில இருபது வருஷமா வாங்குறாங்க பாஸ், கடைக்காரருக்கும் அவங்களுக்கும் நேரடி லைன் இருக்கு!

உங்க கைக்காசைப் போட்டு வாங்கிட்டு அப்புறம் வசூல் பண்றதும் வேண்டாம். அதுல மனஸ்தாபம்தான் மிஞ்சும். காய்கறி வாங்குற வேலையை முதல் ரெண்டு மாசம் எடுக்காதீங்கங்கிறது என் தனிப்பட்ட சிபாரிசு. கத்தரிக்காய்ல திருப்திப்படுற மாமியை இந்த உலகம் இன்னும் பார்க்கலை.

"என்னப்பா இது, வெண்டைக்காய் இவ்வளவு முத்தலா இருக்கு? நுனியை உடைச்சுப் பார்த்து வாங்க மாட்டியோ?"

"உடைச்சா கடைக்காரர் திட்டுறார் மாமி."

"திட்டட்டுமே, என்ன இப்போ? உங்கம்மா உனக்கு இதெல்லாம் சொல்லித் தரலையா?"

அறுபது ரூபாய் வேலைக்கு அம்மா வரைக்கும் போகணுமா, சொல்லுங்க!

இப்ப கொஞ்சம் சீரியஸ். சில வேலைகளுக்கு 'முடியாது'ன்னு சொல்லியே ஆகணும். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து 'எடுத்துட்டு வா தம்பி'ம்பாங்க. வாங்கவே வாங்காதீங்க. நாளைக்கு அந்தக் கணக்குல ஐயாயிரம் குறைஞ்சா முதல் சந்தேகம் உங்க மேலதான். 70 வயசு தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கிற மாதிரி சேவைகளைச் செய்யச் சொல்லி 2017-லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கு உத்தரவு போட்டிருக்கு. அவங்க பேங்க்ல இது இருக்கான்னு விசாரிச்சு வாங்கிக் கொடுங்க. ஒரு வேலை போகும், ஆனா அந்த வீட்டுல உங்க மதிப்பு எங்கேயோ போயிடும்.

சீல் வெச்ச பார்சலை 'அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துடு, பிரிக்காத'ன்னு முன்பின் தெரியாத ஆள் கொடுத்தா, டபுள் மடங்கு காசு கொடுத்தாலும் வேண்டாம். உள்ள போதைப்பொருள் இருந்து மாட்டினா, 1985-ஆம் வருஷச் சட்டம் 'இவனுக்குத் தெரிஞ்சுதான் வெச்சிருந்தான்'னுதான் முதல்ல எடுத்துக்கும். எனக்கு எதுவும் தெரியாதுன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. நூத்தியிருபது ரூபாய்க்காக கோர்ட் வாசல்ல நிக்கணுமா? 'டாஸ்மாக் போயிட்டு வா'ங்கிற அங்கிள்களுக்கும் ஒரு பெரிய கும்பிடு. உங்களுக்கு இன்னும் 21 ஆகலைன்னா கடையில நீங்க வாங்குறதே தப்பு.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல புலியா இருக்கிற பசங்களுக்கு. 'தட்கல் டிக்கெட் போட்டுத் தர்றேன், டிக்கெட்டுக்கு நூறு ரூபா'ன்னு சொந்த ஐ.டி.யில புக் பண்ணி விக்க ஆரம்பிச்சிடாதீங்க. அனுமதி இல்லாம டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறதைத் தொழிலாச் செஞ்சா ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டுமே. தூக்க மாத்திரை மாதிரி ஐட்டங்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாம கடைக்குப் போகாதீங்க. 'தெரிஞ்ச கடைதான், பேரைச் சொன்னாக் கொடுப்பான்'னு யார் சொன்னாலும்.

வண்டி மேட்டர் ஒண்ணு. சொந்த உபயோகத்துக்குன்னு போட்ட டூவீலர் இன்ஷூரன்ஸ், வண்டியைக் கூலிக்கு ஓட்டும்போது ஆக்சிடென்ட் ஆனா கைவிரிக்க வாய்ப்பு இருக்கு. பாலிசியில பொடி எழுத்துல இருக்கிறதை ஒரு தடவை படிங்க, ஏஜென்ட்கிட்ட கேளுங்க. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள சைக்கிள் போதும்ங்கிறது என் கட்சி. பெட்ரோலும் மிச்சம், தொப்பையும் மிச்சம்.

பார்ட்னரை எப்படிப் பிடிக்கிறது? உயிர் நண்பனை வேண்டாம், வேற ஷிஃப்ட் நண்பனைப் பிடிங்க! பேங்க்கும் ஆபீஸும் திறந்திருக்கிற நேரத்துலதான் நமக்கு க்ளாஸ். சென்னையில நிறைய ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல ஷிஃப்ட்-1, ஷிஃப்ட்-2 இருக்கு. ஒருத்தனுக்கு மதியத்துக்கு மேல ஃப்ரீ, இன்னொருத்தனுக்குக் காலையில ஃப்ரீ. ரெண்டையும் ஒட்டுங்க, நாள் பூரா கடை திறந்திருக்கும். க்ளாஸ் கட் அடிச்சுட்டு பாஸ்புக் என்ட்ரி போடப் போனீங்கன்னா, அட்டெண்டன்ஸ் லேக்குக்குக் கட்டுற ஃபைன்லயே லாபம் காலி. ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை பேங்க் லீவுங்கிறதை காலண்டர்ல சிவப்பு மை வெச்சு சுழிச்சுக்கோங்க.

விளம்பரத்துக்கு பைசா செலவு பண்ணாதீங்க. நோட்டீஸ் அடிச்சா மழைக்குக் கப்பல்தான். அபார்ட்மென்ட் செக்ரட்டரி, தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர், க்ளினிக்ல டோக்கன் கொடுக்கிற அக்கா, வாட்ச்மேன் அண்ணன், இந்த நாலு பேர் போதும். முதல்ல மூணே வீடு. ஒரு மாசம் ஒழுங்காச் செஞ்சா நாலாவது வீட்டை அந்த மூணு வீடே பிடிச்சுக் கொடுக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அரசாங்கத்தோட 'உத்யம்' பதிவைப் பண்ணிடுங்க. ஆதார் நம்பரை வெச்சு ஆன்லைன்ல, இலவசம். அதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குற புரோக்கர்கிட்ட பல்பு வாங்காதீங்க. ஜி.எஸ்.டி.யா? சேவைத் தொழிலுக்கு வருஷம் 20 லட்சம் வரவு தாண்டினாத்தான் அந்தக் கவலை. தாண்டினா எனக்கு ட்ரீட் வைங்க.

கணக்குல வராத ஒரு அயிட்டம் இருக்கு. மாத்திரையைக் கொடுத்துட்டுக் கிளம்பும்போது, "ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்ப்பா"ன்னு ஒரு குரல் வரும். காபி வர்றதுக்குள்ள பேரன் போட்டோ வரும், 1974-ல தாத்தாவுக்கு டெல்லிக்கு டிரான்ஸ்ஃபர் ஆன கதை வரும். சில நாள் மாத்திரையே ஒரு சாக்குன்னு உங்களுக்கே புரியும். போன வாரம் வாங்கின அதே மாத்திரை அட்டை பிரிக்காம மேஜையில இருக்கும். அதுக்கு பில் போடாதீங்க. ஆனா டைம்டேபிள்ல வீட்டுக்குப் பத்து நிமிஷம் சேர்த்துப் போடுங்க. அவங்க வாட்ச்சையும் உங்க மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்கிற மாதிரி வெச்சுக்காதீங்க.

கடைசியா, எக்ஸாம். செமஸ்டர் வருதுன்னா ரெண்டு வாரம் முன்னாடியே எல்லா வீட்டுலயும் சொல்லிடணும். பி.பி., சுகர் மாத்திரை தீர்ந்துபோறதுக்குள்ள அடுத்த மாசத்துக்கும் சேர்த்து வாங்கி வெச்சுடணும். ஹால் டிக்கெட் டென்ஷன்ல நீங்க மறந்தா, அங்க ஒருத்தர் மூணு நாள் மாத்திரை இல்லாம இருப்பார், உங்களுக்கு போன் பண்ணவும் கூச்சப்படுவார். ஃபைனல் இயர் முடியும்போது சும்மா காணாமப் போகாதீங்க. செகண்ட் இயர் ஜூனியர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வீடு வீடாப் போய் அறிமுகப்படுத்துங்க, நோட்டைக் காட்டிக் கணக்கை ஒப்படைங்க, ஒரு மாசம் கூடவே சுத்துங்க. பாட்டி அவங்ககிட்டயும் எந்த ஊரு, அப்பா என்ன பண்றார், அரியர் இருக்கான்னு முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. பொறுமையா பதில் சொல்லச் சொல்லுங்க.